பொருளியல் புத்தகத்தின் பின்னட்டையில்

பதினெட்டு வெள்ளி கேட்டேன்.
பன்னிரண்டுக்குத்தான் எடுத்தார்
பீடோர் நகல் கடை ஆ ஹுவாட்.
உனக்கு இருபதுக்கு விற்றிருப்பார்.
போகட்டும்.
அட்டை கிழிந்ததற்கு நான் பொறுப்பு,
நூற்று நாற்பதாம் பக்கத்து மைலோ கறைக்குத் தம்பி.

மெட்ரிக் கிடைக்காமல்தான் நீயும் வந்திருப்பாய்.
ஏழு ஏ, ஒரு மேல்முறையீடு,
"ரெண்டாவது பட்டியல்ல வந்துரும்" என்று
லயத்தில் எல்லாரும் சொல்லச் சொல்ல
தலையணைக்கடியில் கைப்பேசியை வைத்துத் தூங்கி,
சரி, அது எதற்கு.
அந்தக் கோபத்தோடு ஆறாம் படிவ வகுப்பில் போய் உட்காராதே.
கோபத்துக்குப் படிக்கத் தெரியாது.

ஐந்தரைக்குத் தோட்டத்து முச்சந்தியில் பேருந்து.
அடுத்தது ஏழேகால்.
ஏழேகால் பேருந்து பாதி நாள் வெறும் வதந்தி.
அவசரத்துக்குச் செம்பனை லாரியில் ஏறினால்
பழத்து எண்ணெய் வெள்ளைச் சட்டையில் ஒட்டும்,
எந்த சவர்க்காரத்துக்கும் அசையாது.
எனக்கு இரண்டு சட்டை போயிற்று.

எனக்கு முன் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தவன்
முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தான்:
"முதல் பருவம்தான் கொல்லும். இன்றே தொடங்கு.
இப்படிக்கு, பார்த்திபராஜ்."
சியூ லிங்கிடம் காட்டிச் சிரித்தேன்.
முதல் பருவ முடிவில்
பொருளியலுக்கு சி மைனஸ்.

ஐந்தாம் படிவம் வரை
விடையை மனப்பாடம் செய்து பிழைத்தோம்.
இங்கே அதே கேள்வி
வேறு பக்கமாய் நின்றுகொண்டு கேட்கும்.
புரியவில்லை என்பதற்கு மலாயில் இரண்டே சொல்,
தாக் ஃபஹாம்.
அதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது.
சொன்ன அன்று சிக்கு ஹஃபிசா திட்டவில்லை.
தேவைக் கோட்டை மறுபடி முதலிலிருந்து வரைந்தார்.
பின்வரிசையில் நான்கு பேர் அவசரமாய்க் குறிப்பெடுத்தார்கள்.
அவர்களுக்கும் புரியாமல்
என் வாய்க்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

தமிழை ஒரு பாடமாய் எடுக்காதே என்பார்கள்.
எடுத்தேன்.
பள்ளியில் அதற்கு ஆசிரியர் இல்லை;
சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் வகுப்பு,
கல்யாணம் இல்லாத வாரங்களில் மட்டும்.
வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் திரும்பி வந்துவிடு.
பந்தியில் உட்கார்ந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

உன்னோடு படித்த ஒருவன்
சிங்கப்பூரிலிருந்து புது மோட்டார் படம் அனுப்புவான்.
பார். வாழ்த்துச் சொல்.
பிறகு கைப்பேசியை அரிசி டின்னுக்குள் புதை.
அரிசிக்குள் மணி அடித்தால் கேட்காது,
சோதித்துவிட்டேன்.
வெள்ளிக்கிழமை இரவு படிக்காதே.
காரணமெல்லாம் தெரியாது,
எனக்கு நின்றதில்லை.

எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரை
அச்சுப் பக்கங்கள் இருக்காது.
சி மைனஸ் வந்த அன்று கிழித்தேன்.
மறுநாளே சியூ லிங் புத்தகத்தைக் கடன் வாங்கி
கையால் எழுதி ஒட்டினேன்.
வரைபடம் கொஞ்சம் கோணல்,
கோந்து ஈரத்தில் ஓரம் சுருண்டுவிட்டது.
முழுப் புத்தகத்தில்
அந்த நான்கு பக்கம்தான் இன்றும் வரிக்கு வரி ஞாபகம்.
கிழிக்கச் சொல்லவில்லை.
எழுதச் சொல்கிறேன்.

மறு சோதனையில் பி.
பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.
அப்பா ஒவ்வொரு நாளும் லாரியை நிறுத்திய கையோடு
ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்.
இடம் கிடைத்தால்
இதெல்லாம் வென்றவள் சொன்னது.
கிடைக்காவிட்டால் உளறல்.
இரண்டுக்கும் இதே வரிகள்தான்,
பார்த்துக்கொள்.

பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.
நீயும் கேட்கப் போவதில்லை, தெரியும்.
விற்கும்போது அழித்துக் கொடு,
ஆ ஹுவாட் இரண்டு வெள்ளி கூடப் போடுவார்.
பார்த்திபராஜின் சிவப்பு மை மட்டும் போகாது.
நானும் தேய்த்துப் பார்த்தேன்.

லோஷினி